கதிரைக் குறைத்தால் படம் கலங்குமா?

மார்பு சி.டி. ஸ்கேனுக்காக மேஜையில் படுத்ததுமே, "ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்குங்க" என்பார் டெக்னீஷியன். கை பக்கவாட்டில் கிடந்தால் எக்ஸ்ரே கதிர் அந்த எலும்பையும் கடந்தாக வேண்டும். மறுபக்கம் போய்ச் சேரும் கதிர் குறைந்து, படத்தில் கோடு கோடாக விழும். அதைச் சரிக்கட்ட இன்றைய இயந்திரங்கள் தாமே கதிரைக் கூட்டிக்கொள்ளும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் ஸ்கேன் சென்டர்களில் அன்றாடம் நடக்கும் காரியம்தான் இது. குறைந்த கதிரில் தெளிவான படம் எடுப்பதன் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

எக்ஸ்ரே துகள் துகளாக வந்து விழுகிறது. தூறல் போடும்போது மொட்டை மாடியில் ஒரு தளக்கல்லில் மூன்று சொட்டு இருக்கும், பக்கத்துக் கல் காய்ந்து கிடக்கும். கனமழையில் அந்த வித்தியாசம் தெரியாது. கதிரை நான்கில் ஒரு பங்காக்கினால் படத்தில் பொடிப்புள்ளிகள், அதாவது 'நாய்ஸ்', இரண்டு மடங்காகும்.

சி.டி.யில் பல கோணங்களில் பதிவான எக்ஸ்ரே நிழல்களைச் சேர்த்து ஒரு குறுக்குவெட்டுப் படமாக்கும் கணக்கில் சென்னைக்கு உரிமை உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்து, கொலாஜன் புரதத்தின் முச்சுருள் வடிவத்தைக் கோபிநாத் கர்த்தாவுடன் கண்டு சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன்தான் அதற்குக் காரணம். பெங்களூருக்குப் போன பிறகு, 1971இல், ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சுற்றி வளைத்துச் செய்துவந்த கணக்கை நேரடியாகவும் வேகமாகவும் முடிக்கும் வழி அதில் இருந்தது. 'ராம்-லாக் வடிகட்டி' என்ற பெயரில் உலகம் முழுக்க மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இந்தப் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களிலும் இருக்க வேண்டும்.

அந்த வடிகட்டி படத்தின் விளிம்புகளைக் கூர்மையாக்கும். பொடிப்புள்ளியும் கூர்மையான சமாச்சாரம்தான் என்பதால் அதையும் சேர்த்தே தூக்கிக் காட்டும். கதிர் தாராளமாக இருந்தவரை இது உறுத்தவில்லை. கதிரைக் குறைக்கத் தொடங்கியதும் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கிடைத்த வழி பழையதுதான். அதே 1971இல், அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்தபோது சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் ஒரு படத்தை உத்தேசமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் திருத்தித்தான் விடைக்கு வந்தது. அன்று மெதுவாக இருந்ததால் கைவிடப்பட்ட அந்த முறை, கணினி வேகம் பெற்றதும் திரும்பி வந்தது. நம்பகம் குறைந்த கதிர்களுக்கு மதிப்பைக் குறைத்துக் கணக்கிட அதனால் முடியும். 2019 முதல் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். படம் பளபளவென்று இருப்பதால் மட்டும் நோய் தெரிந்துவிடாது. நுரையீரலில் காற்றுக்கு நடுவே சிறு கட்டி எடுப்பாகத் தெரியும். சிறுநீரகக் கல்லும் அப்படித்தான். அங்கெல்லாம் கதிரைத் துணிந்து குறைக்கலாம். கல்லீரலில் கட்டிக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் நிற வேறுபாடு மிகச் சொற்பம். கதிர் குறைந்து அது பதிவாகாமல் போனால், எந்த மென்பொருளாலும் நம்பகமாக மீட்டுத் தர முடியாது. புள்ளியை அழிக்கும்போது சின்னக் கட்டியையும் அழித்துவிடும் ஆபத்தும் உண்டு.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்றார் எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா. இந்திய ரேடியாலஜி சங்கம் மறுத்தது. நவீனக் கருவிகளில் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது. மக்கள் குழம்பிப்போனார்கள். வழக்கமான மார்பு சி.டி.யில் உடம்பு வாங்கும் கதிர் சுமார் 7 மில்லிசீவர்ட், குறைந்த கதிர் முறையில் சுமார் 1.5 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரேக்கு 0.1 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 70 மடங்கு, 15 மடங்கு. இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் உடம்பில் ஏறுகிறது.

உங்கள் ஸ்கேனில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இயந்திரம் பதிவு செய்யும் டோஸ் பக்கத்தில் 'டி.எல்.பி.' என்று ஓர் எண் இருக்கும். பெரியவர்களின் மார்பு ஸ்கேன் என்றால் அதை 0.014ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட். 500 என்றிருந்தால் 7. 100 என்றால் 1.4. ரிப்போர்ட் வாங்கும்போது அந்தப் பக்கத்தையும் கேளுங்கள். படங்கள் உள்ள குறுந்தட்டைத் தொலைக்காமல் அடுத்த டாக்டரிடம் கொண்டுபோங்கள். பழைய படமே போதும் என்று அவர் சொல்லிவிட்டால் இன்னொரு முறை மேஜையில் படுக்க வேண்டியதில்லை.