ஒரே சட்டியில் கறி மக்ரோனி: சரக்கைத் தெரிந்து விற்போம்

மளிகைக் கடைக்கு வந்து மக்ரோனி கேட்கும் தாய்மார்களை நாம் எல்லோரும் அறிவோம். "எல்லாம் ஒன்றுதான்" என்று கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பதும் நமக்குப் பழகிய ஒன்று. நாமும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்தாம். அதனால் பட்ட நஷ்டத்தைச் சக வணிகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவருக்கு மைதா மக்ரோனி மூட்டை ஒன்று போட்டிருந்தோம். அதை வாங்கிக் கறியோடு ஒரே சட்டியில் வேகவைத்த ஓர் அம்மாள், சட்டியோடு கடைக்கே வந்துவிட்டாராம். "தம்பி, நான் கேட்டது மக்ரோனி, நீ கொடுத்தது கூழ்" என்றாராம். கடைக்காரர் நம்மிடம், "அண்ணாச்சி, எது எதுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் அவங்களுக்குச் சொல்லியிருப்பேனே" என்றார். மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். ஆனால் அவருடைய கணக்கு நம் பேரேட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அதன் பிறகே விசாரித்தோம். டூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் செய்த மக்ரோனி மஞ்சள் நிறமாக இருக்கும். வெந்தாலும் உருக் குலையாது. மைதாவில் செய்தது வெளுப்பாக இருக்கும். சற்றுக் கூடுதலாக வெந்தால் குழையும். இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டூரம் கோதுமையில்தான் செய்யவேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மற்றக் கோதுமைப் பாஸ்தாவைத் தடுக்கக் கூடாது என்று 1988-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுத் தயாரிப்புக்கான கட்டுப்பாடோ நீடித்தது.

இன்னொரு செய்தி நம் போன்றோருக்குப் பெருமை தருவது. பொலோனியா நகரத்துக் கறிக் குழம்பு உலகப் புகழ் பெற்றது. அதன் செய்முறையை இத்தாலிய சமையல் கழகம் 1982 அக்டோபர் 17 அன்று பதிவு செய்து வைத்த இடம் எது தெரியுமா? அந்நகர வர்த்தக சபை! 300 கிராம் மாட்டிறைச்சி, 150 கிராம் பன்றிக் கொழுப்பிறைச்சி, 50 கிராம் காரட் என்று எடை போட்டே எழுதியிருக்கிறார்கள். 2023-ல் அதைத் திருத்தியும் பதிந்தார்கள்.

அங்கே குழம்பு தனி, பாஸ்தா தனி. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது அமெரிக்க வீடுகளில் பரவிய வழக்கம். நம் வீட்டில் ஆட்டுக் கொத்துக்கறியில் செய்து பார்த்தோம். நால்வருக்கு அளவு இது:

கொத்துக்கறி 300 கிராம், டூரம் மக்ரோனி 250 கிராம், தக்காளி 400 கிராம், வெங்காயம் 2, காரட் 1, பூண்டு 6 பல், பிரிஞ்சி இலை, மிளகுத்தூள், எண்ணெய், உப்பு.

அடி கனமான சட்டியில் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், காரட், பூண்டை வதக்கவும். கறியைப் போட்டு, நீர் வற்றிச் சிவக்கும்வரை கிளறவும். இதில் அவசரப்பட்டால் ருசி இல்லை. தக்காளி, பிரிஞ்சி இலை, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, சிறு தீயில் 25 நிமிடம் வேகவிடவும். பிறகு மூன்று டம்ளர் வெந்நீர் ஊற்றி, கொதித்ததும் மக்ரோனியைப் போடவும். அடி பிடிக்காமல் அடிக்கடி கிளறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பதம் வரும். மிளகுத்தூள் தூவி இறக்கவும். தண்ணீரை வடிப்பதில்லையாதலால் மாவுச்சத்து குழம்பிலேயே தங்கி அதைக் கெட்டியாக்கும். உப்பும் வடிந்து போகாது, குறைத்தே போடவேண்டும். மைதா மக்ரோனியானால் நிமிடங்களைக் குறைக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கடையில் செய்யவேண்டியது சிறிதே. பாக்கெட்டில் டூரம் கோதுமை ரவையா, மைதாவா என்று படித்துத் தனித்தனியே அடுக்குங்கள். இரண்டுக்கும் வாடிக்கையாளர் உண்டு, விலையும் வேறு. சோப்பு, ஊதுபத்தி அருகே வைக்காதீர்கள், வாடை ஏறும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் வையுங்கள். ஈரமும் வண்டும் அண்டாது. முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும்.

"எல்லாம் ஒன்றுதான்" என்ற சொல்லை நாம் விட்டுவிட்டோம். அந்த ஒரு சொல்லால் ஒரு கணக்கை இழந்தோம். தங்களுக்கு அந்த நஷ்டம் வேண்டாம்.