போர்க்களத்தில் கதை சொல்வது யார்?

கடந்த மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் முடிந்து திரும்பும் வழியில், சின்னம்மாவும் நானும் வட்டுவாகல் பாலத்தடியில் சற்று நின்றோம். அங்கே ஒரு வான் நின்றிருந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சாரதி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தப் பாலத்தாலதான் எல்லாச் சனமும் வெளியால வந்தது" என்றார். பிள்ளைகள் தொலைபேசியில் படம் எடுத்தார்கள்.

சின்னம்மா என் காதுக்குள் சொன்னார்: "எல்லாரும் இல்லைப் பிள்ளை. ஏப்ரல் 20ஆம் திகதி போன சனம் மாத்தளன் பக்கத்தால களப்பைக் கடந்து போனது. மிச்சமா நிண்ட நாங்கள்தான் மே மாசம் இதால போனனாங்கள்."

சாரதி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வசனத்தில், ஒரு மாதம் கூடுதலாகப் பங்கருக்குள் கிடந்தவர்களின் கதை காணாமல் போய்விட்டது. "போய்ச் சொல்லுங்கோவன்" என்றேன். சின்னம்மா தலையாட்டிவிட்டு நடந்தார்.

போர் நடந்த நிலத்தில் விளக்கம் சொல்லும் பொறுப்பு யாருடையது? இதை ஒரு தொழிலாகவே செய்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரீட்சை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஒழுக்கக் கோவை இருக்கிறது. அவர்கள் எப்படி இயங்குகிறார்கள், எதில் தவறினார்கள் என்று பார்ப்பது நமக்கும் உதவும்.

பொய்க் கதைகளால் வந்த பரீட்சை

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சிறு நகரம் கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை 1 முதல் 3 வரை, உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சமர் அங்கே நடந்தது. இரு தரப்பிலுமாகச் சுமார் 51,000 பேர் கொல்லப்பட்டோ, காயமடைந்தோ, பிடிபட்டோ, காணாமலோ போனார்கள்.

சமர் முடிந்து அதிக காலம் செல்லுமுன்பே பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஊரவர்கள் வழிகாட்டிகள் ஆனார்கள். காலப்போக்கில் சிலர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், கேட்ட பணத்தைக் கறந்தார்கள். முறைப்பாடுகள் குவிந்தன. ஆகவே 1915இல் அமெரிக்க யுத்தத் திணைக்களம் வழிகாட்டிகளுக்குப் பரீட்சை வைத்து அனுமதிப்பத்திரம் வழங்கத் தொடங்கியது. 1933இல் அந்தப் பொறுப்பு தேசியப் பூங்காச் சேவையிடம் போனது. நூறாண்டு கடந்தும் அந்த முறை தொடர்கிறது.

அங்கே வழிகாட்டியாவது இலகுவல்ல. முதலில் எழுத்துப் பரீட்சை. அதில் தேறினால் வாய்மொழிப் பரீட்சை. பரீட்சகர்களையே பார்வையாளர்களாக வைத்துக்கொண்டு போர்க்களம் முழுவதையும் சுற்றிக்காட்ட வேண்டும். தேறியவர்கள் அரச ஊழியர்கள் அல்லர், சுயதொழில் செய்பவர்கள். ஆனால் கட்டணத்தை அவர்களாக நிர்ணயிக்க முடியாது. பெரும்பாலும் பார்வையாளரின் வாகனத்தைத் தாங்களே ஓட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் விளக்கம் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டின் சாரம், வழிகாட்டி தான் சொல்வதற்குப் பொறுப்புக் கூற வேண்டியவர் என்பதுதான்.

பரீட்சை கேட்காத கேள்வி

ஆனாலும் அந்தப் பரீட்சை முறையால் நீண்டகாலம் சரிசெய்ய முடியாத ஒரு குறை இருந்தது. எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது, எந்தப் பீரங்கி எத்தனை மணிக்கு முழங்கியது என்பதெல்லாம் துல்லியமாகச் சொல்லப்பட்டது. போர் ஏன் வந்தது என்பது போதியளவு சொல்லப்படவில்லை. அடிமை முறை என்ற சொல் போர்க்களங்களின் விளக்கங்களில் ஒதுங்கியே நின்றது. இரு தரப்பு வீரர்களின் துணிச்சலைப் பேசினால் யாருக்கும் மனம் நோகாது. காரணத்தைப் பேசினால் நோகும்.

2000ஆம் ஆண்டளவில்தான், உள்நாட்டுப் போர் நடந்த இடங்களில் அடிமை முறையின் பங்கையும் விளக்க வேண்டும் என அமெரிக்கக் காங்கிரஸ் பூங்காச் சேவையைக் கேட்டது. போர் முடிந்து 135 ஆண்டுகளுக்குப் பிறகு.

கெட்டிஸ்பர்க்கின் சண்டை நடந்த மேட்டிலேயே ஏப்ரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் தோட்டம் இருந்தது. தென்பகுதிப் படை வருகிறது என்றதும் அவ்வூர்க் கறுப்பின மக்கள் பலர் வீடுகளை விட்டு ஓடினார்கள். அந்தப் படை சுதந்திரக் கறுப்பின மக்களையும் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பியது. பீரங்கிகளின் கதையை மட்டும் கேட்டுத் திரும்பிய பார்வையாளருக்கு இந்த இடப்பெயர்வு தெரிந்திருக்காது. இராணுவத் தகவல் எவ்வளவு சரியாக இருந்தாலும், சனத்தின் கதை இல்லாதபோது அது அரைக் கதைதான்.

தோற்றவர்களுக்கும் ஒரு மயானம்

பிரித்தானியாவில் 2003இல் போர்க்கள வழிகாட்டிகளுக்கென ஒரு கழகம் உருவானது. 'கில்ட் ஒஃப் பெட்டில்ஃபீல்ட் கைட்ஸ்' என்பது அதன் பெயர். உறுப்பினர்கள் மதிப்பீட்டில் தேறினால் சின்னம் அணியலாம். இதன் வழிகாட்டிகள் பலர் பெல்ஜியம், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் முதலாம் உலகப் போர் நடந்த இடங்களுக்கு ஆட்களை அழைத்துச் செல்பவர்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தேவைப்படும் செய்திகள் அன்றாடமானவை. எந்த நினைவிடத்தில் திருத்த வேலை, எந்த வீதி மூடியிருக்கிறது, எந்த வயலில் பயிர் நிற்கிறது, எங்கே புதிதாக எலும்புக்கூடுகள் கிடைத்தன என்பவை அவை. ஓர் எச்சரிக்கையும் ஓயாமல் தொடர்கிறது: நிலத்தில் கிடக்கும் எதையும் தொடாதீர்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் பெல்ஜிய விவசாயிகள் உழும்போது வெடிக்காத செல்கள் வெளியே வருகின்றன. அவர்கள் அவற்றை வயலோரத்தில் வைத்துவிட, இராணுவத்தின் வெடிபொருள் அகற்றும் பிரிவு வந்து எடுத்துச் செல்கிறது. வன்னியில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் சிவப்புத் தடி நட்ட காணிகளைக் கடந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் உள்ள மெனின் வாயிலில், உடல் கண்டெடுக்கப்படாத 54,000க்கும் மேற்பட்ட பிரித்தானிய, பொதுநலவாய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து சில மைல் தூரத்தில் லாங்கமார்க் என்ற இடத்தில் ஜேர்மனியர்களின் மயானம் இருக்கிறது. 44,000 பேருக்கு மேல் அங்கே கிடக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 25,000 பேர் ஒரே பொதுப் புதைகுழியில். இவர்கள் பெல்ஜியத்தை ஆக்கிரமித்து வந்த படையினர், தோற்றவர்கள். ஆயினும் அந்த மயானத்தை யாரும் இடித்து முகாம் கட்டவில்லை. வழிகாட்டிகள் இரண்டு இடங்களுக்கும் ஆட்களை அழைத்துப் போகிறார்கள்.

இங்கே என்ன நடந்தது?

2009க்குப் பிறகு ஏ9 வீதியால் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. ஆனையிறவில் இராணுவ வீரரின் நினைவுத்தூபி, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, முல்லைத்தீவுக் கரையில் துருப்பிடித்த ஃபாரா கப்பல், புதுக்குடியிருப்புப் பக்கம் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு எனப் பார்க்கும் இடங்கள் வரிசையாக இருந்தன. பல இடங்களில் விளக்கம் சொன்னவர்கள் சீருடையில் நின்ற படையினர். வென்றவரின் பார்வையே அங்கு கதையானது. அந்த நிலக்கீழ் வீட்டையும் 2013 ஒக்டோபரில் இராணுவம் தகர்த்துவிட்டது.

மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த காணியில் 2011இல் இராணுவத் தலைமையகமே திறக்கப்பட்டது. லாங்கமார்க்கை நினைத்துப் பாருங்கள்.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி எனப் பிரிவுகள் உண்டு. சீகிரியாவையும் கண்டியையும் விளக்க முறை இருக்கிறது. முள்ளிவாய்க்காலை விளக்குவது வான் சாரதியின் தலையில் விழுகிறது.

நம் வழிகாட்டி சொல்ல வேண்டியவை

அப்படி ஒருவர் நாளை உருவானால் அவருக்கும் பரீட்சை வேண்டும் என்பது என் எண்ணம். யுத்த சூனிய வலயம் ஒன்றல்ல, மூன்று என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது 2009 ஜனவரி 20 அளவிலும், இரண்டாவது பெப்ரவரி 12இலும், மூன்றாவது மே 8இலும் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை நிலத்தில் நின்று காட்டத் தெரிய வேண்டும்.

எண்ணிக்கை சொல்லும்போது அது யாருடையது என்றும் சொல்ல வேண்டும். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012இல் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை 70,000க்கு மேல் இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் குறிப்பிட்டது.

அதே நிபுணர் குழு, அரச படைகள் யுத்த சூனிய வலயங்களுக்குள்ளும் வைத்தியசாலைகள் மீதும் செல் அடித்ததாகவும், உணவும் மருந்தும் மறுக்கப்பட்டதாகவும் வந்த குற்றச்சாட்டுகளை நம்பகமானவை என்றது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தது, தப்பியோடியவர்களைச் சுட்டது, கட்டாய ஆட்சேர்ப்பு செய்தது என்பவற்றையும் அப்படியே பதிவு செய்தது. இரண்டாவதைச் சொல்ல நமக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அதை விழுங்கிவிட்டு முதலாவதை மட்டும் சொல்லும் வழிகாட்டி, அடிமை முறையைச் சொல்லாமல் பீரங்கியைச் சொன்னவரைப் போன்றவர்தான். பிள்ளையை இழுத்துச் செல்லக் கொடுத்த தாயும் அந்த மணலில்தான் நின்றாள்.

இன்னொன்றும் உண்டு. தப்பி வந்தவர்களைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது. அங்கே குடியிருப்பவர்களின் முற்றத்தில் போய் நின்று "அம்மா, என்ன நடந்தது?" என்று கேட்பது விளக்கம் அல்ல. பேசிவிட்டு, பிறகு யார் வந்து விசாரிப்பார்களோ என்று படுக்கப் போகும் பயம் இன்னும் போகவில்லை. பேச விரும்புபவர் தானாகப் பேசட்டும்.

அனுமதிப்பத்திரம் எப்போது வரும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. முதல் வேலை பதிவு செய்வது. யார் சொன்னார், எந்தத் திகதி, எந்த இடம், கண்டதா கேட்டதா என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுவது. 2009இல் நாற்பதுகளில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள், கடந்தும் விட்டார்கள்.

நான் சின்னம்மாவிடம் இருந்து தொடங்கியிருக்கிறேன். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் நாள், "ஆரும் வந்து கேட்டா இனிச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சொல்லுவன். ஆனா நான் கண்டதை மட்டும்தான் சொல்லுவன். மாத்தளனால போன ஆக்களின்ர கதையை அவையிட்டக் கேள்."

கொப்பியின் இரண்டாம் பக்கத்தில், ஏப்ரல் 20இல் களப்பைக் கடந்தவர்களாகச் சின்னம்மா சொன்ன நான்கு பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை அவர்களிடம் போகிறேன்.