கல்லின் காரணம் ஆழ்துளைக் கிணற்றில் இல்லை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சிறுநீரகத்தில் கல் இருப்பதாக ஒருவர் சொன்னால், கேட்பவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘போர் தண்ணீர்’. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பைக் கண்ணால் காண்கிறோம்; அதே உப்பு உடலுக்குள்ளும் படியும் என எண்ணுவது இயல்பே. கேன் தண்ணீருக்கு மாறிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நம்பும் குடும்பங்கள் இங்கு ஏராளம்.

மருத்துவ ஆய்வுகள் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. கடின நீருக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. கற்களில் மிகுதியானவை கால்சியம் ஆக்சலேட் என்னும் சேர்மத்தால் ஆனவை. உணவுடன் உட்கொள்ளும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து மலத்துடன் வெளியேற்றிவிடுகிறது. பாலையும் மோரையும் தயிரையும் அறவே நிறுத்திவிடுபவர்கள் உண்மையில் ஒரு காவலாளியை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. மீண்டும் மீண்டும் கல் உருவாகும் ஆண்கள் 120 பேரில் பாதிப்பேருக்குக் கால்சியம் குறைந்த உணவும், மீதிப்பேருக்கு இயல்பான கால்சியத்துடன் உப்பும் இறைச்சியும் குறைத்த உணவும் பரிந்துரைக்கப்பட்டன. ஐந்தாண்டுகளில் முதல் பிரிவில் 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. இரண்டாம் பிரிவில் 12 பேருக்கு மட்டுமே. உப்பு மிகுந்தால் சிறுநீரில் கால்சியமும் மிகும். ஆகவே அஞ்சவேண்டியது ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றுக்கே. தக்காளி விதை பாவம், அதன்மீது வீண்பழி!

அப்படியானால் கல்லின் காரணம் என்ன? பரம்பரை, உடல் பருமன், நீரிழிவு என்று பல உண்டு. ஆயினும் இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமானது, குடிக்கும் நீரின் தரத்தைவிட அதன் அளவு. வியர்வை மிகும்போது சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது; கரைந்திருந்த உப்புகள் படிகமாகின்றன. மே மாதத்தில் 40 டிகிரியை எட்டும் வெயிலில், தகரக் கூரையின்கீழ் இயங்கும் பட்டறையில், கடைசல் இயந்திரத்தின் முன்னும் உலையின் முன்னும் எட்டு மணிநேரம் நிற்பவரின் உடலில் நிகழ்வது இதுவே. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவருக்கும், உணவுப்பொட்டலம் சுமந்து திரியும் இளைஞருக்கும் அதே நிலைதான்.

நீரின் ஆற்றலைச் சோதித்த ஆய்வும் இத்தாலியில்தான் நடந்தது. முதல்முறை கல் வந்தவர்களுள் ஏறத்தாழ நூறு பேரை நாள்தோறும் இரண்டு லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்தச் செய்தனர். மற்றொரு நூறு பேருக்கு அந்த அறிவுரை இல்லை. 1996இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுகளில் முதல் பிரிவில் 12 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 27 பேருக்கும் கல் மீண்டும் வந்தது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் மருந்தைப் பொருளியல் மாணவன் என்ற முறையில் நான் அதிகம் கண்டதில்லை.

என் இரு சிறுநீரகங்களிலும் சில ஆண்டுகளாகக் கற்கள் உள்ளன. பல கற்களுடன் வாழ்வது ஒரு கல்லை அகற்றிவிட்டு மறந்துபோவதைப் போன்றதன்று. அடைப்போ வலியோ தொற்றோ தராத சிறு கல்லை அகற்றாமல், குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே பல நேரங்களில் போதுமானது. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்தவை பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். அவ்வாறு வெளியேறும் கல்லைப் பிடித்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புவது மிக முக்கியம்; பலர் இதைச் செய்வதில்லை. யூரிக் அமிலக் கல்லாயின் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் அதைக் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைப்பதாக நிறுவப்பட்ட மருந்து ஏதும் இல்லை. சுவரொட்டிகள் உறுதியளிக்கும் ‘கல் கரைப்பு’ என்பது, தானாக வெளியேறிய கல்லுக்கு யாரோ உரிமை கொண்டாடுவதுதான். வாழைத்தண்டுச் சாற்றுக்கும் அந்தப் புகழில் பங்குண்டு. நீராக அது நல்லதே. எலுமிச்சைக்கு மட்டும் சற்றுக் கூடுதல் நியாயம் உண்டு: அதிலுள்ள சிட்ரேட் படிகம் உருவாவதைத் தடுக்கிறது. உப்புப் போடாமல் பருகவேண்டும் என்பதே நிபந்தனை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கல் வலியுடன் குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ, அது நீரையும் சாற்றையும் குடித்துக் காத்திருக்கும் நேரமன்று. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று பரவினால் உயிருக்கே ஆபத்து.

கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சை 1980இல் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்கு அளிக்கப்பட்டது. லேசரும் நுண்துளை அறுவையும் உள்ளன. இவற்றுக்கான செலவை ஏற்கக் காப்பீடுகள் உள்ளன. கல் வராமல் தடுக்கும் செலவை ஏற்பவர் யார்?

தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்கவேண்டும். எளிய உண்மை, ஆனால் சிக்கலே இங்குதான் தொடங்குகிறது. துண்டுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பெறும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறை எழுந்து செல்வதும் கூலி இழப்பு. தூய்மையான கழிப்பறை அருகில் இல்லாதபோது அவர் செய்வது அறியாமையன்று, கணக்கு: காலையில் அரைக் குவளை, மதியம் அரைக் குவளை, மீதி வீடு திரும்பியபின். மிச்சமாகும் நிமிடங்களின் பயன் நிறுவனத்துக்கு. பின்னாளில் வரும் வலியும் மருத்துவச் செலவும் அவருக்கும் அரசுக்கும். ஒருவர் ஈட்டும் ஆதாயத்தின் செலவை இன்னொருவர்மீது சுமத்துவதைப் பொருளியலில் புறவிளைவு என்பர்.

சட்டம் இதை அறியாததன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் வழங்கவேண்டும் என்றது. கழிப்பறை வேலை நேரம் முழுவதும் தொழிலாளர் அணுகத்தக்கதாக இருக்கவேண்டும் என்றும் விதித்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் குடிநீரும் கழிப்பறையும் இடம்பெற்றுள்ளன. ஆனால் ஆய்வாளர் குழாயையும் கதவையும் எண்ணலாம். எழுந்து போனால் மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வையை எண்ண முடியாது. ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கோ அந்தக் குழாயும் கதவும்கூட இல்லை. பேருந்து நிலையங்களிலும் தொழிற்பேட்டையின் சாலைகளிலும் இரவு பகலாகத் திறந்திருக்கும், பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய கழிப்பறைகளை உள்ளாட்சிகள்தாம் கட்டிப் பராமரிக்கவேண்டும்.

அதுவரை மருத்துவர்கள் ஒன்று செய்யலாம். ‘நாளொன்றுக்கு மூன்று லிட்டர்’ என்று சீட்டில் எழுதுவதற்குமுன், என்ன வேலை, எந்த ஷிஃப்ட், கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். அதற்கேற்ப எழுந்தவுடன் எவ்வளவு, வேலைக்கிடையில் எவ்வளவு, படுக்கும்முன் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரலாம்.