எழுத்தில் இல்லாத தடை: அரங்குகளைத் துரத்தும் அச்சம்

புதுதில்லி: ஒரு திரைப்படத்தையோ ஓவியத்தையோ அரசு தடை செய்ய வேண்டுமானால் அதற்கு ஓர் ஆணை வேண்டும். ஆணை இருந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம். அரங்கின் உரிமையாளரே அஞ்சி விளக்கை அணைத்துவிட்டால் எதை எதிர்த்து வழக்குத் தொடுப்பது?

ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மீதான ஆபாசப் புகார்களை தில்லி உயர் நீதிமன்றம் 2008 மே மாதம் ரத்து செய்தது. மூன்றே மாதங்களில் தில்லி பிரகதி மைதானத்தில் முதலாவது இந்தியக் கலை உச்சி மாநாடு நடைபெற்றது. அதில் ஹுசைனின் ஓவியங்களுக்கு இடமில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, அவற்றை வைக்க வேண்டாம் என ஏற்பாட்டாளர்களே காட்சிக்கூடங்களைக் கேட்டுக் கொண்டனர். இதைக் கண்டித்து சஹ்மத் அமைப்பு அவரது படைப்புகளின் பிரதிகளைக் காட்சிக்கு வைத்தது. அங்கு புகுந்த கும்பல் அவற்றைச் சேதப்படுத்தியது. ஏற்பாட்டாளர்களின் அச்சம் வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

2011 ஜனவரியில் அதே மாநாட்டில் ஹுசைன் ஓவியங்கள் வைக்கப்பட்டன. எதிர்ப்புக் கிளம்பியதும் அகற்றப்பட்டன. அரசு பாதுகாப்புக்கு உறுதியளித்த பிறகு மீண்டும் மாட்டப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம், கத்தார் நாட்டுக் குடிமகனாக, ஹுசைன் லண்டனில் காலமானார்.

பாதுகாப்பு தர வேண்டிய காவல் துறையே அழுத்தம் தந்தால்? மேற்கு வங்கத்தில் நடந்தது அதுதான். அனிக் தத்தா இயக்கிய 'பொபிஷ்யோதேர் பூத்' என்ற அரசியல் நையாண்டிப் படம் தணிக்கைச் சான்றிதழுடன் 2019 பிப்ரவரி 15-ல் வெளியானது. மறுநாளே திரையரங்குகளிலிருந்து காணாமல் போனது. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், 'மேலிடத்து உத்தரவு'. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநில அரசைக் கண்டித்து, தயாரிப்பாளருக்கும் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் ரூ.20 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அரங்கு உரிமையாளர்களும் பாதிக்கப்பட்டவர்களே என ஏற்கப்பட்டது இத்தீர்ப்பின் சிறப்பு. ஆனால் படம் இழந்த வாரங்கள் இழந்தவைதான்.

இத்தீர்ப்புக்குத் துணை நின்றது ஒரு தமிழ்ப் பட வழக்கு. 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்ட மிரட்டலுக்காகக் கருத்துரிமையை முடக்க முடியாது, கூட்டத்தைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது எனத் தெளிவாகக் கூறியிருந்தது.

ஆயினும் ஹுசைன் விவகாரம் அவர் மறைவுடன் ஓயவில்லை. தில்லியில் ஒரு தனியார் கலைக்கூடம் காட்சிக்கு வைத்த அவரது இரு ஓவியங்களைப் பறிமுதல் செய்யுமாறு, புகார் ஒன்றின்பேரில் 2025 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. இரு மாதங்கள் கழித்து, நியூயார்க் ஏலத்தில் அவரது 'கிராம யாத்திரை' ஓவியம் 1.3 கோடி டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது.