பெரிய மருத்துவமனையை மருத்துவர்கள் ஏன் விரும்புகிறார்கள்?

ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வழியாக மதுரைக்கு வரும் பேருந்தில், மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பையுடன் ஒரு முதியவரும் துணைக்கு அவர் மகளும் அமர்ந்திருப்பதைக் காணாத நாள் அரிது. “சொந்தமாக கிளினிக் வைத்தால் நன்றாகச் சம்பாதிக்கலாமே, இந்த டாக்டர் ஏன் இங்கேயே இருக்கிறார்?” என்று அவர்கள் வியப்பதுண்டு. அதற்கான விடை மதுரையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதில் வந்த முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியிருந்தது. அவ்விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, எண்ணற்றோருக்குப் பார்வை அளித்தார் அவர். அவருடைய தங்கை டாக்டர் நாச்சியாரும், தங்கையின் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அமெரிக்காவில் உயர்பயிற்சி பெற்றவர்கள். எனினும் மதுரையையே தம் பணிக்களமாகக் கொண்டனர்.

அத்தகைய இடத்தில் ஒரு மருத்துவர் பெறுவது என்ன? முதலாவது, அனுபவம். அங்கே ஓர் அறுவை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தமாக வைத்திருப்பர். எனவே மருத்துவரின் நேரம் முழுவதும் அறுவையிலேயே செலவாகிறது. கை தேர்ச்சி பெறுகிறது. இரண்டாவது, துணை. ஐயம் எழுந்தால் விழித்திரை வல்லுநரோ குழந்தைக் கண் மருத்துவரோ அடுத்த அறையிலேயே இருப்பார். மூன்றாவது, மனநிறைவு. கட்டணம் செலுத்துவோரின் வருவாய், செலுத்த இயலாதோரின் சிகிச்சையையும் தாங்குகிறது. 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்சை இங்கேயே தயாரித்து அதன் விலையை வெகுவாகக் குறைத்தது. “உங்களால் இயலுமா?” என்று கேட்டு நோயாளியைத் திருப்பி அனுப்ப வேண்டாத நிலை, மருத்துவருக்குப் பெரும் நிம்மதி.

ஆயினும், சேர்ந்தவர் அனைவரும் நிலைத்திருப்பதில்லை. வேலைப்பளு மிகுதி, சொந்த ஊர், குடும்பம், கூடுதல் வருவாய் ஆகியவையும் அழைக்கின்றன. பயிற்சி முடித்து வேற்றூர் செல்பவர், தாம் கற்றதை அவ்வூர் மக்களுக்குக் கொண்டு செல்கிறார்.

இதனால் தங்களுக்கு என்ன? பெரிய மருத்துவமனையில் முதலில் இளம் மருத்துவர் பரிசோதிப்பதும், பின்னர் மூத்தவர் பார்ப்பதும் இயல்பு. ஒரே கேள்வியை இருவர் கேட்டால் சலிப்படைய வேண்டாம். முதலில் சொல்லாது விட்டது இரண்டாம் முறை நினைவுக்கு வரலாம். சென்ற முறை பார்த்த மருத்துவர் இம்முறை இல்லாதிருக்கலாம். ஆகவே பழைய சீட்டுகளையும் உட்கொள்ளும் மருந்துகளையும் தவறாது கொண்டு வாருங்கள். “என் சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவர் யார்?” என்று தயங்காமல் கேளுங்கள். அது தங்கள் உரிமை. நல்ல மருத்துவர் அதை விரும்பியே வரவேற்பார்.