கைப்பந்தில் இந்தியா: வென்றதும் விட்டதும்



நெய்யாறு அணைக்குப் போகும் வழியில் கள்ளிக்காட்டுப் பக்கம் மாலை ஐந்தரை மணிக்கு மேல் நடந்து பாருங்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய செம்மண் திடலில் இரண்டு கமுகுத் தடிகளை நட்டு, நடுவே வலை கட்டி, பையன்கள் பந்தடித்துக் கொண்டிருப்பார்கள். ஒருவன் மலையாளத்தில் கத்துவான், இன்னொருவன் தமிழில் பதில் சொல்வான். பந்துக்கு எந்த மொழியும் ஒன்றுதான்.

சென்ற மாதம் அப்படி ஒரு மாலையில், நம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "மாமா, கைப்பந்துன்னா இதுதானே? புத்தகத்துல ஹேண்ட்பாலுக்கும் கைப்பந்துன்னுதான் போட்டிருக்கு. ரெண்டுல எது சரி?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. வாலிபாலைத் தமிழில் கைப்பந்து என்று நெடுங்காலமாக எழுதி வருகிறோம். ஹேண்ட்பால் என்ற பெயரை அப்படியே மொழிபெயர்த்தாலும் கைப்பந்துதான் வருகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆட்டம் வேறு. ஆனால் இரண்டிலும் நம் நாட்டு ஆண்கள் அணியின் கதையைப் பார்த்தால், நம் பிள்ளைகளும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால் இந்த இதழில் அதையே எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஹேண்ட்பால்

ஹேண்ட்பாலில் ஓர் அணிக்கு ஏழு பேர். நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள களம், இரு முனையிலும் கோல். கால்பந்தைக் கையால் ஆடுவதுபோல என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இது திறந்த மைதானத்தில் அணிக்குப் பதினொரு பேராக ஆடப்பட்டது. இன்றைய உள்ளரங்க வடிவில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதே 1972ஆம் ஆண்டில்தான் இந்திய ஹேண்ட்பால் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது.

ஆசிய விளையாட்டில் இந்த ஆட்டம் முதன்முதலாக இடம்பெற்றது நம் தலைநகரில்தான். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் சீனா தங்கமும் ஜப்பான் வெள்ளியும் தென் கொரியா வெண்கலமும் பெற்றன. சொந்த மண்ணில் ஆடியும் நமக்குப் பதக்கம் இல்லை. உலகச் சாம்பியன் போட்டிக்கோ ஒலிம்பிக்குக்கோ நம் ஆண்கள் அணி இன்றுவரை தகுதி பெற்றதில்லை. 2016இல் கவுகாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றது ஓர் ஆறுதல்.

ஆசியாவில் முடியாது என்பதல்ல. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தென் கொரிய ஆண்கள் வெள்ளி வென்றார்கள். 2015இல் கத்தார் தன் நாட்டில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போய் பிரான்சிடம் தோற்றது. கத்தாருக்காக ஆடியவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து போய் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள். பிழைக்கப் போன இடத்தின் கொடியை ஏந்தி ஆடுவது எப்படிப்பட்டது என்று வேறு ஊரில் வேர்விட்ட நமக்குக் கொஞ்சம் தெரியும் அல்லவா?

2023இல் ஜெய்ப்பூரில் ஆறு அணிகளோடு பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்தது. மகாராஷ்டிர அணி வென்றது. தமிழ்நாட்டின் பெயரிலோ கேரளத்தின் பெயரிலோ ஓர் அணிகூட இல்லை. நம் பக்கத்தில் இந்த ஆட்டம் இன்னும் ஊருக்குள் இறங்கவில்லை என்பதே உண்மை. இங்கே ஊருக்குள் இருப்பது வலை கட்டி ஆடும் கைப்பந்துதான்.

சென்னை வழியே வந்த ஆட்டம்

வாலிபாலை 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் என்ற ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர் உருவாக்கினார். நம் நாட்டில் இது வேரூன்றியதில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய அந்தக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் போன இடமெல்லாம் பந்தையும் வலையையும் கொண்டு போனார்கள். ஒரு பந்தும் ஒரு வலையும் போதும். பெரிய மைதானம் வேண்டாம், புல்தரை வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் இடத்தில் பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர் சமப்படுத்தினால் ஆடலாம். தேவாலயத் திருவிழா, கோயில் கொடை, ஓணம் எல்லாவற்றுக்கும் போட்டி வைக்க ஏற்ற ஆட்டம்.

1936இல் லாகூரில் மாகாணங்களுக்கு இடையிலான முதல் போட்டி நடந்தது. 1951இல் இந்திய வாலிபால் கூட்டமைப்பு அமைந்தது. அடுத்த ஆண்டே, 1952இல், மாஸ்கோ உலகப் போட்டிக்குப் போன நம் அணி எட்டாம் இடம் பெற்றது. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆன ஒரு நாட்டுக்கு அது சிறிய செய்தி அல்ல.

பொற்காலம்

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றது. 1962 ஜகார்த்தாவில் ஜப்பானுக்கு அடுத்தபடியாக வெள்ளி. பாகிஸ்தான் நமக்குப் பின்னால். அர்ஜுனா விருது தொடங்கிய 1961ஆம் ஆண்டிலேயே வாலிபாலுக்கான விருதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. பெயரைப் பார்த்ததும் நம் நெஞ்சு நிமிர்கிறது.

அன்றைக்கு ஆசியாவில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் ஆடும் முறையும் இருந்தது. இடம் மாற வேண்டியதில்லை. அவரவர் நின்ற இடத்திலேயே நின்று ஆடலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் அந்த முறையை நினைவுகூர்வார்கள். உலகமோ ஆறு பேர், சுழற்சி முறை என்று நிலைத்தது. 1964 டோக்கியோவில் வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஜப்பான் அதற்கென்றே ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1972 மியூனிக்கில் ஆண்கள் தங்கத்தையே வென்றது. 1962இல் ஒரே மேடையில் அவர்களுக்கு அடுத்து நின்ற நாம் இன்றுவரை ஒலிம்பிக் வாலிபாலில் ஒரு முறைகூட ஆடவில்லை. அந்தப் பத்தே ஆண்டில் இடைவெளி விழுந்துவிட்டது.

பேராவூர்ப் பையன்

அடுத்த பதக்கத்துக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கொண்டு வந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் ஜிம்மி ஜார்ஜ்.

கண்ணூர் மாவட்டம் பேராவூரில் 1955இல் பிறந்தவர். வீட்டில் சகோதரர்கள் எல்லோரும் வாலிபால் ஆடுபவர்கள். ஜிம்மி மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுக் கேரளப் போலீஸில் சேர்ந்து ஆடினார். இதைப் படிக்கும் தாய்மார்கள் பலருக்கு மனம் பதறும் என்று தெரியும்! ஆனால் 1976இல், இருபத்தோரு வயதில், அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பிறகு அபுதாபியில் ஆடினார். 1982 முதல் இத்தாலியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். வலைக்கு மேலே எழும்பி ஒரு கணம் காற்றிலேயே நிற்பதுபோல் நின்று அடிப்பார் என்று பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1986 சியோல் ஆசிய விளையாட்டில் சீனா தங்கம், தென் கொரியா வெள்ளி. ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளி இந்தியா வெண்கலம் வென்றது. அந்த அணியில் ஜிம்மியோடு சிரில் வள்ளூர், உதயகுமார், அப்துல் பாசித் போன்றோர் இருந்தார்கள். அதே அணியில் ஆடிய ஆந்திரத்தின் பி. வி. ரமணா, பின்னாளில் பூப்பந்தில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற பி. வி. சிந்துவின் தந்தை. மலையாளியும் தெலுங்கரும் வடநாட்டவரும் ஒரே வலைக்கு இந்தப் புறம் நின்றார்கள்.

அடுத்த ஆண்டே, 1987 நவம்பர் 30 அன்று, ஜிம்மி ஜார்ஜ் இத்தாலியில் கார் விபத்தில் இறந்தார். வயது முப்பத்திரண்டு. இத்தாலியின் மோந்திகியாரி நகரத்து உள்ளரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்திலும் அவர் பெயரில் அரங்கம் இருக்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் எத்தனை முறை போயிருப்போம்! அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் கதையைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டின் ஜி. இ. ஸ்ரீதரனையும் சொல்லியாக வேண்டும். 1982இல் அர்ஜுனா விருது பெற்ற ஆட்டக்காரர். பின்பு பயிற்சியாளராகப் பணியாற்றி 2007இல் துரோணாச்சார்யா விருதும் பெற்றார்.

விட்டது எங்கே?

1986க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணிக்குப் பதக்கம் இல்லை. இளைஞர்களிடம் குறையில்லை. 2003இல் தாய்லாந்தில் நடந்த உலக இளையோர் போட்டியில் நம் பையன்கள் இறுதி ஆட்டம் வரை போய் பிரேசிலிடம் தோற்று வெள்ளி வென்றார்கள். 2022இல் இருபது வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் போட்டியிலும் வெள்ளி. பதினெட்டு வயதில் உலகத்தோடு நிற்கும் பையன், இருபத்தைந்து வயதில் ஏன் பின்தங்குகிறான்?

ஆட்டமும் மாறிவிட்டது. முன்பு சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி. 1990களின் இறுதியில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறை வந்தது. ஒரு தவறும் மன்னிக்கப்படாது. ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர். உயரம், உணவு, உடற்பயிற்சி, ஆண்டு முழுவதும் வலுவான அணிகளோடு ஆட்டம் என எல்லாம் சேர்ந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். நமக்கோ நிர்வாகச் சண்டையே பெரிதாகிவிட்டது. 2016 டிசம்பரில் உலகக் கூட்டமைப்பு இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அதிகாரிகள் மோதிக்கொள்ள, ஆட்டக்காரனின் வயது மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஆனாலும் தீ அணையவில்லை. 2016, 2019 தெற்காசிய விளையாட்டுகளில் தங்கம். 2019இல் தொடங்கிய தொழில்முறை லீக்கின் இறுதியில் மோதியவை சென்னையும் கோழிக்கோடும், வென்றது சென்னை. 2024இல் பிரைம் லீக்கைக் கோழிக்கோடு வென்றது.

2023 செப்டம்பர் 20ஆம் நாளை மறக்க முடியாது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை ஐந்து செட் போராடி 3-2 என்று நம் அணி வீழ்த்தியது. 1966 முதல் ஒவ்வொரு ஆசிய விளையாட்டிலும் பதக்கம் வாங்கிய கொரிய ஆண்கள் அந்த முறை வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த இந்திய அணியில் உக்கிரபாண்டியன், முத்துசாமி, குரு பிரசாந்த் என்று தமிழ்ப் பெயர்கள். பக்கத்திலேயே கேரளத்தின் எரின் வர்கீஸ், ஷமீமுத்தீன். பிறகு சீன தைபேயையும் வென்று, காலிறுதியில் ஜப்பானிடம் தோற்று, ஆறாம் இடத்தில் முடித்தார்கள்.

நம் வீட்டுத் திடல்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நான் தாலுகா அணியில் ஆடினேன். மாவட்டத் தேர்வுக்கு முதல் நாள் அப்பா என் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பிழைக்க வந்த ஊரில் படிப்புதான் சோறு போடும், மக்களே" என்றார். அவர் மேல் இன்றும் எனக்குக் கோபம் இல்லை. கையில் நிலமும் இல்லை, பக்கத்தில் உறவும் இல்லை. அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அந்தச் சாவி திரும்பும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று எல்லைக் கோடு வரையப்பட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. நம் பிள்ளைகள் எந்த மாநிலத்துக்கு ஆடுவது என்று சிலர் கேட்கிறார்கள். படிக்கும் பள்ளிக்கு ஆடட்டும். அங்கே நன்றாக ஆடினால் நாடு தானே கூப்பிடும். சோறும் உண்டு: கேரளப் போலீஸ், மின்வாரியம், ரயில்வே, ஐ.சி.எஃப். எல்லாம் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்த இடங்கள்தான்.

எல்லோரும் ஜிம்மி ஜார்ஜ் ஆகிவிட மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. தினம் மாலை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைத் திடலுக்கு விடுங்கள் என்பதே என் வேண்டுகோள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படிப்பு அதனால் கெடாது.

அந்த எட்டாம் வகுப்புப் பையனுக்கு இரண்டும் கைப்பந்துதான் என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ ரெண்டுலயும் நாம ஒலிம்பிக் போகலியா மாமா?" என்றான். இல்லை என்றேன். பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் போடப் போய்விட்டான்.

அவன் வீட்டில் அந்தப் பந்தை யாரும் பூட்டி வைக்காமல் இருக்க வேண்டும்.