கரண்டு எடுத்தால் தண்ணீர் சக்கையாகுமா?

தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் முல்லைப்பெரியாற்று நீர், நான்கு ராட்சதக் குழாய்களில் சரிந்திறங்கி லோயர் கேம்ப்பில் டர்பைன்களைச் சுழற்றுகிறது. இந்த மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1958-இல். "கரண்டை உறிஞ்சிட்டு சக்கைத் தண்ணியத்தான் வயலுக்கு விடுறாங்க" என்ற பேச்சு, அணை மின்சாரம் வந்த தமிழக ஊர்களில் வெகுகாலம் உலவியது.

ஓடும் ஆற்றில் மின்சாரம் பிறக்குமா என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயே சோதித்திருக்கிறார். 1832 ஜனவரியில், லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் நீளமான செம்புக் கம்பியை விரித்தார். இரு முனையிலும் உலோகத் தகடுகளைக் கட்டித் தேம்ஸில் இறக்கினார். பூமியின் காந்தப்புலத்தினூடே ஓடும் நீரில் மின்னோட்டம் உண்டாகும் என்பது அவர் கணிப்பு. கம்பியில் இணைத்திருந்த மின்னோட்டம் காட்டும் கருவியின் முள் அசைந்தது உண்மை. ஆனால், அதை நம்ப முடியவில்லை.

நம்பத்தகுந்த விடையை 1831-லேயே அவர் கண்டிருந்தார். காந்தத் துருவங்களுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றியபோது மின்னோட்டம் தொடர்ந்து வந்தது.

லோயர் கேம்ப்பில் நடப்பதும் அதேதான். மின்சாரம் பிறப்பது காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே. தண்ணீர் சக்கரத்தைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. அது இழப்பது உயரத்தால் கிடைத்த ஆற்றலை மட்டும்; பாறைமேல் அருவியாக விழுந்தாலும் அதை இழக்கத்தான் செய்யும். கரைந்திருக்கும் உப்பும் சத்தும் அப்படியே இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்வது இந்தப் பெரியாற்று நீரே. சந்தேகப்பட்ட சம்சாரிகளை ஏளனம் செய்வது தவறு. 'தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்' என்றே எல்லோரும் சொல்லும்போது, மிச்சத்தில் என்ன இருக்கும் என்ற கேள்வி எழுவது நியாயம்தான்.